பட்டாணிச் செடியும் போஸ்னியாவும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

மரபியல் தாள் எங்களுக்கு இந்த ஆண்டுதான் தொடங்கியது. மெண்டல் என்ற துறவி, மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து, நெட்டையையும் குட்டையையும் கலந்து, எட்டு ஆண்டுகள் எண்ணி எண்ணிப் பார்த்து, 1866இல் தம் முடிவுகளை அச்சிட்டார் என்று பாடம் ஆரம்பமாகிறது. எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. கருவி எதுவும் பெரிதாக இல்லாமல், பொறுமை ஒன்றையே மூலதனமாகக் கொண்டு ஒரு மனிதர் இயற்கையின் கணக்கைக் கண்டுபிடித்தார் அல்லவா!

அந்த வகுப்பில் ஒருநாள் எங்கள் பேராசிரியர் பாடத்துக்கு வெளியே ஒரு செய்தி சொன்னார். "மரபியல் படித்தவர்கள் எல்லாரும் மரபியலுக்கு உண்மையாக இருந்ததில்லை. சரயேவோ பல்கலைக்கழகத்தில் நம்மைப் போல் செடி கொடிகளை ஆராய்ந்த ஓர் அம்மையார் இருந்தார். முடிந்தால் தேடிப் படியுங்கள்" என்றார். மணி அடித்துவிட்டது. நண்பர்கள் பலர் அதை மறந்துவிட்டார்கள். எனக்கு மறக்கவில்லை. அதன் விளைவே இக்கட்டுரை.

அந்த அம்மையார் பெயர் பிலியானா பிளாவ்சிச். 1930இல் பிறந்தவர். சரயேவோவில் உயிரியல் பேராசிரியை. தாவரங்களைத் தாக்கும் வைரஸ்களை ஆராய்ந்தவர். புல்பிரைட் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்று ஆய்வு செய்தவர். இயற்கை அறிவியல் புலத்தின் தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்தவர். எங்கள் துறையில் படிக்கும் எவருக்கும் கிடைத்தற்கரிய வாழ்க்கை! 1990இல் அவர் அரசியலுக்கு வந்தார். போஸ்னிய செர்பியரின் கட்சியில் சேர்ந்தார். 1992 முதல் 1995 வரை நடந்த போரில் அவர்களுடைய தலைவர்களுள் ஒருவராக இருந்தார்.

போரின் நடுவில் அவர் பத்திரிகைக்குச் சொன்ன கருத்து இதுதான்: போஸ்னிய முஸ்லிம்கள் பிறப்பால் செர்பியர்களே, ஆனால் செர்பியருள் மரபணுக் குறைபாடு உள்ள பகுதியினரே அன்று இஸ்லாத்தைத் தழுவினர், அந்தக் குறை தலைமுறைக்குத் தலைமுறை செறிந்துகொண்டே போகிறது. நூலகத்தில் இதைப் படித்தபோது என் உடம்பு கூசியது. பிறப்பிலேயே குறை என்று ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்வது எப்படிப்பட்டது என்பதை எங்கள் தெருவாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் எங்கள் ஊரில் அதைச் சொல்பவர் எவரும் உயிரியல் பேராசிரியர் அல்லர். அவர்கள் மெண்டலைச் சாட்சிக்கு அழைப்பதில்லை.

போஸ்னிய முஸ்லிம்கள் யார்? 1463இல் துருக்கிய சுல்தான் அந்த நாட்டை வென்றான். அடுத்து வந்த நூற்றாண்டுகளில் அந்நாட்டு மக்களில் பலர், ஒரே நாளில் அன்று, மெல்ல மெல்ல இஸ்லாத்தை ஏற்றனர். அவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் அல்லர். பக்கத்து வீட்டுக் கிறித்தவரும் அவர்களும் ஒரே ஸ்லாவிய இனம், ஒரே மொழி, ஒரே முகம். பெயரைக் கேட்டால்தான் வேறுபாடு தெரியும். 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் முஸ்லிம்கள் 100க்கு 43 பேருக்கு மேல். ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களான செர்பியர் 31. கத்தோலிக்கரான குரோட்டுகள் 17. சரயேவோ போன்ற நகரங்களில் கலப்பு மணங்கள் சாதாரணமாக நடந்தன.

முதல் பருவத் தேர்வு எழுதிய மாணவன்கூட அந்த அம்மையாரின் கூற்றில் உள்ள தவற்றைக் காட்டிவிடுவான். ஒருவன் எந்தக் கடவுளை எந்த மொழியில் வணங்குகிறான் என்பது மரபணுவில் எழுதப்படுவதில்லை. வாழ்நாளில் பெற்றுக்கொண்ட பழக்கம் விந்திலும் அண்டத்திலும் ஏறாது. மதம் மாறிய தாத்தாவின் முடிவு பேரனின் குரோமோசோமில் எங்கே உட்கார்ந்திருக்கும்? இது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவர் எங்களுக்கெல்லாம் பாடம் நடத்தத் தகுதி உடையவர். தெரிந்தே சொன்னார் என்பதுதான் என்னை உறங்கவிடாமல் செய்தது.

இன்னும் தேடியபோது, அவர் தனியாள் அல்லர் என்று தெரிந்தது. போஸ்னிய செர்பியரின் தலைவர் ரடோவான் கராட்சிச் ஒரு மனநல மருத்துவர். கவிதை நூல்கள் வெளியிட்டவர். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த நிகோலா கோல்யேவிச், ஷேக்ஸ்பியரை ஆய்ந்த ஆங்கிலப் பேராசிரியர். ஒரு மருத்துவர், ஓர் இலக்கியப் பேராசிரியர், ஓர் உயிரியல் பேராசிரியை! ஒரு நல்ல கல்லூரியின் ஆட்சிக் குழுவைப் போல் இல்லையா? இவர்கள் தலைமையில் இருந்த படைகள் மலைமேல் பீரங்கிகளை நிறுத்தி, தாங்கள் பாடம் நடத்திய அதே சரயேவோ நகரத்தை 1992 ஏப்ரல் முதல் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் முற்றுகையிட்டன. 1992 ஆகஸ்டில் அந்நகரத்துத் தேசிய நூலகம் குண்டு விழுந்து எரிந்தது. லட்சக்கணக்கான நூல்கள் சாம்பலாயின.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது இதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா செங்கல் சூளையில் வேலை செய்பவர். கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் படிக்கவில்லை. "படிச்சாத்தாண்டா மனுசன் மனுசனாவான்" என்பது அவர் எனக்குப் போட்ட ஒரே உபதேசம். அதை நம்பித்தான் மண் குழைத்து, கல் அறுத்து, என்னைக் கல்லூரிவரை கொண்டுவந்தார். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முழுவதையும் கேட்டுவிட்டு,

"இவங்கெல்லாம் படிச்சவங்களாடா?" என்றார்.

"ஆமாப்பா. டாக்டரு, வாத்தியாருங்க."

"நீ படிக்கிறது அந்தம்மா படிச்ச படிப்புதானா?"

"ஆமாப்பா."

அப்பா ஒன்றும் பேசவில்லை. எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அவர் கேட்காமல் விட்ட கேள்விக்குத்தான் நான் விடை தேடிக்கொண்டிருக்கிறேன்.

விடுதியில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு நண்பர், "எல்லாவற்றுக்கும் மதமே காரணம், மதம் ஒழிந்தால் இது ஒழியும்" என்றார். இன்னொருவர், "மதத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, எல்லாம் அரசியல்" என்றார். இருவர் சொன்னதும் எனக்கு முழுமையாகப் படவில்லை. நடந்ததைப் பார்ப்போம்.

1389இல் கொசோவோ என்ற சமவெளியில் செர்பிய இளவரசன் லாசார் துருக்கியரோடு போரிட்டு மாண்டான். செர்பியத் திருச்சபை அவனைப் புனிதனாகப் போற்றியது. இது பழங்கதை, ஒரு மக்கள் தம் மன்னனை நினைவில் வைத்திருப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் 1986இல் செர்பிய அறிவியல் கலைக்கழகத்தின் அறிஞர்கள் எழுதிய ஓர் அறிக்கை பத்திரிகையில் வெளிவந்தது. கொசோவோவில் செர்பியர் இனப்படுகொலைக்கு உள்ளாகிறார்கள் என்று அது கூறிற்று. 1988, 1989 ஆண்டுகளில் லாசாரின் எலும்புகளைப் பேழையில் வைத்து ஊர் ஊராக, போஸ்னியாவின் கிழக்குப் பகுதிகள் உட்பட, மதகுருமார் ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். மக்கள் திரள் திரளாக வந்து வணங்கி அழுதார்கள். 1989 ஜூன் 28இல், 600ஆம் ஆண்டு நாளன்று, அதே சமவெளியில் பெருங்கூட்டத்தின் முன் மிலோசெவிச் பேசினார்; ஆயுதப் போர்கள் இன்னும் ஒதுக்கிவிடத்தக்கவை அல்ல என்று குறிப்புக் காட்டினார். அறிஞன் காகிதம் தந்தான். குரு எலும்பு தந்தார். அரசியல்வாதி மேடை தந்தான். 600 ஆண்டுகளுக்கு முன் நடந்த சண்டை, நேற்று மாலை நடந்ததைப் போல் ஆகிவிட்டது.

இதற்குப் பிறகு ஒரு சிறிய வேலைதான் மிச்சம்: பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பெயர் மாற்றுவது. ஒரே மொழி பேசி, ஒரே பள்ளியில் படித்த போஸ்னிய முஸ்லிம், "துருக்கியன்" ஆனான். துருக்கியைக் கண்ணால் கண்டிராதவனும் துருக்கியனே! லாசாரைக் கொன்றவன் இதோ எதிர் வீட்டில் இருக்கிறான் என்று ஆயிற்று. என் கருத்து இதுதான்: வேத நூலைப் படித்துவிட்டு யாரும் அங்கே துப்பாக்கி எடுக்கவில்லை. மதம் அவர்களுக்கு ஒழுக்கமாகப் பயன்படவில்லை. ஆளைப் பிரித்தறியும் அடையாளமாகப் பயன்பட்டது. ஆனால் அந்த அடையாளத்துக்குப் புனிதம் ஏற்றித் தர மதத்தின் கைகளும் வேண்டியிருந்தன. 2005இல் மிலோசெவிச் வழக்கு விசாரணையில் ஒரு படச்சுருள் காட்டப்பட்டது. ஸ்கார்ப்பியன்கள் என்ற படைப்பிரிவை ஒரு குரு ஆசீர்வதிக்கிறார். அதே படையினர் பிறகு ஆறு முஸ்லிம்களைச் சுட்டுக் கொல்கிறார்கள். அந்த அறுவரில் சிலர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள், என்னைவிட இளையவர்கள்.

1992 மே 12இல் போஸ்னிய செர்பியரின் சட்டமன்றம் கூடியது. கராட்சிச் ஆறு குறிக்கோள்களை முன்வைத்தார். முதலாவது, மற்ற இரண்டு சமூகத்தாரிடமிருந்து செர்பியரைப் பிரிப்பது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, மக்கள் சட்டைப்பையில் போட்டு இடம் மாற்றும் சாவிகள் அல்லர், இது இனப்படுகொலையில் முடியும் என்று எச்சரித்தார். அவர் யார் தெரியுமா? மூன்று ஆண்டுகள் கழித்து ஸ்ரெப்ரெனிட்சாவில் அதைச் செய்து முடித்த ராட்கோ மிலாடிச்சே! கூட்டக் குறிப்புகள் முறையாக எழுதப்பட்டு, கோப்பில் வைக்கப்பட்டு, பின்னாளில் நீதிமன்றத்தில் சாட்சியமாயின. வெறி பிடித்த கூட்டம் ஓர் இரவு வீடுகளைக் கொளுத்தலாம். மூன்றரை ஆண்டுகள் தொடர்ந்து செய்வதற்கு வரைபடம் வேண்டும், தீர்மானம் வேண்டும், நடவடிக்கைக் குறிப்பு வேண்டும். அவற்றை எழுதப் படித்தவன் வேண்டும்.

நடந்தவற்றையெல்லாம் இங்கே எழுத இடமில்லை. எழுதவும் கை வரவில்லை. 1992 மே 31இல் பிரியெடோர் நகரத்தில் செர்பியர் அல்லாதார் வீடுகளில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும், வெளியே வரும்போது கையில் வெள்ளைப் பட்டை அணிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. பன்யா லூகா நகரில் 1579இல் கட்டிய ஃபெர்ஹாதியா மசூதியை 1993 மே 7இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். (அதே மே 7இல், 2016ஆம் ஆண்டு, அது மீண்டும் கட்டித் திறக்கப்பட்டது.) ஸ்ரெப்ரெனிட்சா, ஐக்கிய நாடுகள் சபை பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்த ஊர். டச்சுப் படையினர் காவலுக்கு இருந்தார்கள். 1995 ஜூலை 11இல் அந்த ஊர் வீழ்ந்தது. மிலாடிச் ஒளிப்படக் கருவியின் முன் நின்று, துருக்கியர்மீது பழி தீர்க்கும் வேளை வந்துவிட்டது என்றான். பெண்களையும் சிறு குழந்தைகளையும் பேருந்துகளில் ஏற்றி அனுப்பினார்கள். ஆண்களையும் பையன்களையும் பிரித்து நிறுத்தினார்கள். சில நாட்களுக்குள் 8000க்கு மேற்பட்டோரைக் கொன்று குழியில் தள்ளினார்கள். போர் முழுவதிலும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டனர். செர்பியரும் குரோட்டுகளும் மாண்டனர், மறைக்கக் கூடாது. ஆனால் மாண்ட பொதுமக்களில் மிகப் பெரும்பான்மையோர் முஸ்லிம்களே.

எங்கோ பழைய கதை என்று எண்ண வேண்டாம். 2019 மார்ச் 15 வெள்ளிக்கிழமை, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு மசூதிகளில் தொழுகைக்கு வந்த 51 பேரை ஓர் ஆஸ்திரேலிய இளைஞன் சுட்டுக் கொன்றான். மசூதிக்குக் காரில் போகும் வழியில் அவன் கேட்டுக்கொண்டே போனது, போஸ்னியப் போர்க்காலத்தில் கராட்சிச்சைப் புகழ்ந்து செர்பியர் பாடிய ஒரு பாட்டு. துப்பாக்கிகள்மேல் துருக்கியரோடு பழங்காலத்தில் நடந்த போர்களின் பெயர்களை எழுதி வைத்திருந்தான். அந்நாட்டில் முஸ்லிம்கள் 100க்கு ஒருவர் என்ற அளவைச் சற்றே தாண்டுவர். அவர்களைத்தான் அவன் படையெடுத்து வந்தவர்கள் என்றான். அதற்கு ஐந்தாம் நாள், மார்ச் 20இல், பன்னாட்டு நீதிமன்றம் கராட்சிச்சின் 40 ஆண்டுத் தண்டனையை ஆயுள் தண்டனையாக உயர்த்தியது. மனிதன் சிறையில், அவன் பாட்டு கடல் கடந்து வேறொருவன் காரில்.

இனி அப்பாவுக்காக நான் தேடி எடுத்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன்.

திரெபின்யே என்ற ஊரில் சிர்ஜான் அலெக்சிச் என்ற செர்பிய இளைஞர் இருந்தார். நீச்சல் வீரர், நாடகங்களில் நடிப்பவர், போர் வந்ததும் செர்பியப் படையில் சேர்க்கப்பட்டவர். 1993 ஜனவரியில் அந்தப் படையைச் சேர்ந்த சிலர் ஒரு முஸ்லிம் இளைஞரைப் பிடித்து அடித்தார்கள். அலெக்சிச் குறுக்கே விழுந்து தடுத்தார். முஸ்லிம் இளைஞர் தப்பினார். அலெக்சிச்சைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். சில நாட்களில் இறந்துபோனார். மனிதனுக்குரிய கடமையைச் செய்கையில் என் மகன் இறந்தான் என்று அவர் தந்தை இரங்கல் அறிவிப்பில் எழுதினார். இந்த வரியை அப்பாவிடம் சொன்னபோது அவர் "அந்தப் பையனோட அப்பா பெரிய மனுசன்டா" என்றார். பையனைப் பற்றி அன்று, அப்பனைப் பற்றிச் சொன்னார். எனக்கு அது வியப்பாக இருந்தது.

மற்றவர் யோவான் திவ்யாக். பிறப்பால் செர்பியர், படைத் தளபதி. முற்றுகை வந்தபோது மலைமேல் இருந்த தம் இனத்தாரோடு போகாமல், நகரத்துக்குள் இருந்து நகரத்தைக் காத்த போஸ்னியப் படையில் நின்றார். அவரைத் துரோகி என்றார்கள். போர் முடியும் முன்பே 1994இல் ஒரு சங்கம் தொடங்கினார். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு, எந்தச் சமூகம் என்று பாராமல், உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைப்பது அதன் வேலை. சங்கத்தின் பெயருக்கே, கல்வி போஸ்னியாவைக் கட்டுகிறது என்பதுதான் பொருள். பேராசிரியர்கள் கல்வியை வைத்துச் செய்ததை மேலே கண்டோம். 2021இல் மறையும்வரை இந்தத் தளபதி அப்பிள்ளைகளின் படிப்புக்காகவே உழைத்தார். நான் அரசு உதவித்தொகையில் படிப்பவன். ஆதலால் இவர்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

பிளாவ்சிச் அம்மையார் என்ன ஆனார்? கோல்யேவிச் 1997 ஜனவரியில் தற்கொலை செய்துகொண்டார். அம்மையார் 2002இல் பன்னாட்டு நீதிமன்றத்தில், மனித குலத்துக்கு எதிரான குற்றத்தை ஒப்புக்கொண்டார். வருந்துகிறேன் என்றார். 11 ஆண்டுச் சிறை. சுவீடனில் இருந்தார். 2009இல் ஓர் இதழ்க்காரரிடம், மற்ற குற்றச்சாட்டுகளிலிருந்து தப்பவே ஒப்புக்கொண்டேன் என்று சொன்னார். அதே ஆண்டு அக்டோபரில், 79ஆம் வயதில், விடுதலை ஆனார்.

அவர் அவமதித்த அறிவியலுக்கு வேறொரு வேலை காத்திருந்தது. ஸ்ரெப்ரெனிட்சாவில் கொன்றவர்கள், சில வாரங்கள் கழித்து, சாட்சியை மறைக்கப் புதைகுழிகளை இயந்திரங்களால் தோண்டி, உடல்களை அள்ளிக்கொண்டுபோய் வேறு குழிகளில் கொட்டினார்கள். ஒருவருடைய எலும்புகள் இரண்டு மூன்று குழிகளில் சிதறிக் கிடந்தன. முகம் இல்லை, உடை மக்கிவிட்டது. யார் யார் என்று எப்படி அறிவது? காணாமற்போனோருக்கான பன்னாட்டு ஆணையத்தின் அறிவியலாளர்கள், உயிரோடிருந்த தாய்மார், சகோதரிகள், பிள்ளைகளிடம் ஒவ்வொரு துளி இரத்தம் வாங்கினார்கள். எலும்பில் எஞ்சிய டி.என்.ஏ.வை இரத்தத்தின் டி.என்.ஏ.வோடு பொருத்திப் பார்த்தார்கள். பாதி தாயிடமிருந்து, பாதி தந்தையிடமிருந்து. மெண்டல் கண்ட அதே கணக்கு. இந்த எலும்பு இன்ன தாயின் மகனுடையது என்று அது சொல்லிற்று. அவன் எந்தத் திசை நோக்கித் தொழுதான் என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. 2001இல் முதல் பொருத்தம் கிடைத்தது. இதுவரை ஏறத்தாழ 7000 பேரின் பெயர் திரும்பக் கிடைத்திருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 11இல், அவ்வாண்டு அடையாளம் தெரிந்தவர்களைப் பொட்டொச்சாரி என்ற இடத்தில் அடக்கம் செய்கிறார்கள். தொடக்கத்தில் நூற்றுக்கணக்கில் இருந்த பச்சைத் துணி போர்த்திய பெட்டிகள், இப்போதெல்லாம் ஒரு சிலவே. சில தாய்மார், மகனுடைய எலும்பு ஒன்றிரண்டு கிடைத்ததும் அடக்கம் செய்துவிட்டார்கள். வேறு சிலர், இன்னும் கொஞ்சம் கிடைக்கட்டும், பிள்ளையை முழுசாகப் படுக்க வைப்போம் என்று, அடக்கத்துக்கு ஒப்புதல் கொடுக்காமல் காத்திருக்கிறார்கள்.